கசக்கிறதா என்று கேட்டவள்

கோபம் எனக்கு எப்போதும் மூக்கு நுனியில்தான். மாஸ்க் போட்டு மூடியும் அது அடங்கியதில்லை. கொரோனா வார்டுக்குள் போகிற ஒவ்வொருவருக்கும் மாஸ்க் முகத்தோடு ஒட்டி நிற்கிறதா, எங்காவது காற்று கசிகிறதா என்று பரிசோதிப்பது என் வேலை. ஆஸ்பத்திரியில் என்னைக் 'கசப்பு சிஸ்டர்' என்பார்கள். பாதி வேலைக்காக, பாதி வாய்க்காக.

தலையில் ஒரு பிளாஸ்டிக் கூண்டை மாட்டி, முன்னால் இருக்கும் ஓட்டை வழியாகக் கசப்பு மருந்தை ஸ்ப்ரே செய்வேன். மாஸ்க் போட்டிருப்பவருக்குக் கசந்தால் மாஸ்க் கசிகிறது என்று அர்த்தம். வேறு அளவு கொடுக்க வேண்டும். கசக்கவில்லை என்றால் உள்ளே போகலாம். ஆனால் அதற்கு முன்னால் இன்னொரு படி உண்டு. மாஸ்க் இல்லாமல், நீர்த்த மருந்தை அடித்து, இந்த ஆளுக்குக் கசப்பே தெரிகிறதா என்று முதலில் பார்த்துக்கொள்ள வேண்டும். யாருக்குத்தான் கசப்பு தெரியாது? அதைச் செய்தால் ஆளுக்குக் கால் மணி நேரம் கூடப் பிடிக்கும். அன்றைக்கு வரிசையில் நாற்பது பேர். சூப்பர்வைசர் வேறு இரண்டு தடவை எட்டிப் பார்த்துவிட்டுப் போனார். பதினைந்தாவது ஆளிலிருந்து அந்தப் படியை விட்டுவிட்டேன். ரெஜிஸ்டரில் மட்டும் 'கசப்பு தெரிந்தது' என்ற கட்டத்தில் டிக் போட்டுக்கொண்டே போனேன்.

அப்படி டிக் வாங்கியவர்களில் ஒருவர் முன்சக்கரம். ஸ்ட்ரெச்சரை முன்னால் பிடித்து இழுப்பவர். பின்னாலிருந்து தள்ளுகிற கூட்டாளிக்குப் பின்சக்கரம் என்று பெயர். பதினோரு வருஷமாக இருவருக்கும் ஒரே வண்டி, ஒரே ஷிப்ட். லிஃப்டுக்குப் பக்கத்தில் ஜன்னல் இல்லாத ஒரு சின்ன அறையில், முழங்கால்கள் இடிக்க உட்கார்ந்து சாப்பிடுவார்கள். ஒருவர் லீவு போட்டால் மற்றவருக்குக் கை ஓடாது.

முன்சக்கரத்துக்கு மாஸ்க்கைப் போட்டு மருந்தை அடித்தேன். குனியச் சொன்னேன், தலையைத் திருப்பச் சொன்னேன், பேசச் சொன்னேன். துளிக் கசப்பும் இல்லை என்றார். பாதிப் பேருக்கு முதல் மாஸ்க் பொருந்துவதில்லை; இவருக்கு அளவெடுத்துத் தைத்த மாதிரி பொருந்திவிட்டதே என்று எனக்கு ஒரே பெருமை. முகத்துக்கென்றே செய்த மாஸ்க் என்று கேலி பேசி, என் பிளாஸ்கிலிருந்து ஒரு டீயும் ஊற்றிக் கொடுத்து அனுப்பினேன்.

மூன்று நாள் கழித்து அவருக்குக் காய்ச்சல். ஆறாம் நாள் பின்சக்கரத்துக்கு. முன்சக்கரம் வீட்டிலேயே படுத்து எழுந்துவிட்டார். பின்சக்கரம் எங்கள் வார்டுக்கு வந்து, பதினாறு நாள் மூச்சுக்குப் போராடி இறந்துபோனார். அவரைப் பார்த்துக்கொண்டதில் நானும் ஒருத்தி. தினமும் சாயங்காலம் அவர் மனைவிக்கு வீடியோ போட்டு முகத்தைக் காட்டுவேன். "நீங்க இருக்கீங்கங்கிற தைரியம்தான் சிஸ்டர்" என்பார் அந்த அம்மாள்.

ஊழியர்களுக்கு எப்படித் தொற்றுகிறது என்று கண்டுபிடிக்க, தொற்றுத் தடுப்பு டாக்டர் எல்லோருக்கும் ஒரு படிவம் கொடுத்தார். யாரோடு சாப்பிட்டீர்கள், எவ்வளவு நேரம் மாஸ்க் இல்லாமல் இருந்தீர்கள், வாசனையும் ருசியும் எப்போது போயின. முன்சக்கரம் ஒளிவுமறைவில்லாமல் எழுதியிருந்தார். காய்ச்சலுக்கு மூன்று நாள் முன்பே சாப்பாடு சப்பென்று இருந்ததாம். உப்பு போடவில்லை என்று மனைவியோடு சண்டை போட்டாராம். படிவங்களைத் தேதிவாரியாக அடுக்கிக்கொண்டிருந்தவள் நான்தான். மூன்று நாள் என்பதை விரல்விட்டு எண்ணினேன். பரிசோதனை நாளில் வந்து நின்றது.

மாஸ்க் பொருந்தியதெல்லாம் ஒன்றுமில்லை. அவருக்கு நாக்கே செத்துப்போயிருந்தது. முதல் ஸ்ப்ரேயை நான் அடித்திருந்தால் அன்றைக்கே பிடிபட்டிருப்பார். அந்தச் சின்ன அறையில் அதற்கப்புறம் இரண்டு நாள் கூட்டாளியோடு சாப்பிட்டிருக்க மாட்டார்.

டாக்டர் என் ரெஜிஸ்டரைப் படிவத்தோடு ஒப்பிட்டார். ருசி போன ஆள் கசப்பு தெரிந்ததாகச் சொல்லியிருக்கிறாரே, அப்படியானால் நோயை மறைத்துக்கொண்டு வேலைக்கு வந்திருக்கிறார் என்று முடிவு கட்டினார். விசாரணைக்கு நாள் குறித்தாயிற்று. வேலை போகும் என்று பேச்சு. பின்சக்கரத்தின் மனைவி முன்சக்கரத்தின் முகத்திலேயே கதவைச் சாத்தினாராம். என்ன நடந்தது என்று யாரோ முன்சக்கரத்தைக் கேட்டபோது, சிஸ்டர் எழுதியிருந்தால் சரியாகத்தான் இருக்கும், எனக்கு ஞாபகமில்லை என்றார். கேட்டுக்கொண்டே பக்கத்தில் நின்றேன். ஊருக்கெல்லாம் நாக்கைச் சுழற்றுகிறவள், அன்றைக்கு வாயைத் திறக்கவில்லை. எனக்கும் வேலை இருக்கிறது, பிள்ளைகள் இருக்கிறார்கள் என்று எனக்கு நானே வக்கீல் வைத்து வாதாடினேன். வெட்கமாக இருந்தது. வாதாடுவதை மட்டும் நிறுத்தவில்லை.

விசாரணை அன்று காலை, புது மாஸ்க்குக்காக முன்சக்கரம் என் அறைக்கு வந்தார். பாதியாக இளைத்திருந்தார். கூண்டை மாட்டினேன். நீர்த்ததும் கெட்டியானதுமாக இரண்டு பாட்டிலும் என் முன்னால் இருந்தன. இந்தத் தடவையும் முதல் படியை விட்டுவிட்டால் அவருக்கு ஒன்றும் தெரியப்போவதில்லை. என் கை கெட்டியான பாட்டில் பக்கம்தான் போனது. அப்புறம் எனக்கே என்மேல் ஒரு கோபம் வந்தது பாருங்கள், அதுதான் என்னைக் காப்பாற்றியது. நீர்த்த மருந்தை எடுத்து அடித்தேன்.

முகம் சுருங்கியது. "கசக்குது" என்றார். கொஞ்சம் யோசித்துவிட்டு, "மாஸ்க் போடாமலே அடிக்கிறீங்களே, போன தடவை இது கிடையாதே சிஸ்டர்?" என்று கேட்டார்.

"போன தடவையும் அடிச்சிருக்கணும் அண்ணே. நான் அடிக்கல. அடிச்ச மாதிரி டிக் போட்டுட்டேன்."

மீதியையும் சொன்னேன். அவர் கூண்டைக் கழற்றவில்லை. பிளாஸ்டிக்குக்குப் பின்னால் அவர் மூச்சு பனித்துப் பனித்து மறைந்தது. திட்டுவார் என்று காத்திருந்தேன்.

"நீங்க குடுத்த டீயும் சப்புன்னுதான் இருந்துச்சு. சர்க்கரை போட மறந்துட்டீங்க போலன்னு நினைச்சேன். சொன்னா சங்கடப்படுவீங்களேன்னு சொல்லாம குடிச்சேன்" என்றார். பிறகு, "டாக்டர்கிட்ட சொல்றது அப்புறம். அவன் வீட்ல சொல்லுங்க" என்றார்.

விசாரணை அன்றைக்கே என்பதால், டாக்டரிடம் போய் ரெஜிஸ்டரை விரித்து, பொய்யான டிக்குகளை வட்டமிட்டுக் காட்டிவிட்டுத்தான் கிளம்பினேன். விசாரணை இனி உன்மேல் என்றார். தலையாட்டினேன்.

பின்சக்கரத்தின் வீடு மாடிப்படி முடிகிற இடத்தில் இருந்தது. முன்சக்கரம் நாலு படி கீழேயே நின்றுகொண்டார். கதவைத் திறந்த அந்த அம்மாள் என்னைப் பார்த்ததும் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு அழுதார். அந்தக் கைகளை உருவிக்கொள்வதுதான் நான் செய்ததிலேயே கஷ்டமான காரியம். என் தோளுக்கு மேலே முன்சக்கரத்தைப் பார்த்ததும் கதவு நகர ஆரம்பித்தது.

"அவருக்குச் சாத்தாதீங்க" என்றேன். "சாத்தறதா இருந்தா எனக்குச் சாத்துங்க."

வாசலில் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். வரிசை, கால் மணி நேரம், டிக், எதையும் பூசி மெழுகவில்லை. முடித்த பிறகு அந்த அம்மாள் என்னைத் தாண்டிப் படியைப் பார்த்தார்.

"உள்ள வாங்கண்ணே" என்றார்.

முன்சக்கரம் என்னை ஒட்டியபடி மேலே ஏறி உள்ளே போனார். கதவு சத்தமில்லாமல் சாத்திக்கொண்டது. கேட்டது கிடைத்துவிட்டது. ஆனாலும் அங்கேயே வெகுநேரம் நின்றுகொண்டிருந்தேன்.