ஒலிந்தோவுக்கு ஒரு கறுப்புச் சட்டை

சட்டைக் கை முழங்கைக்கு மேல் ஏறவில்லை. இர்மா அப்பாவின் விரல்களைச் சேர்த்துப் பிடித்து உள்ளே தள்ளிப் பார்த்தாள். உயிரோடிருந்தபோது பிடித்த அடத்தை ஒலிந்தோ இப்போதும் விடவில்லை.

“முதுகுப் பக்கம் கிழிச்சிடு. படுக்க வெச்சா தெரியாது,” என்றான் அவள் கணவன் எத்தோரே.

“கட்சிச் சட்டைய கிழிச்சா அதுக்கு எத்தனை வருஷம் ஜெயில்னு முதல்ல கேட்டுட்டு வா.”

“மெல்லப் பேசுடி. அந்த ரூம்ல ஆளு ஒக்காந்திருக்கான்.”

ஆள் என்றால் ஆட்சியிலிருந்த கட்சியின் படைக்காரன். பிணத்துக்கு மரியாதைக் காவலாம். காலையிலிருந்து அவர்கள் வீட்டுக் காப்பியை மூன்று கோப்பை குடித்துவிட்டு உட்கார்ந்திருந்தான். இர்மா கத்தரிக்கோலை எடுத்துச் சட்டையை முதுகில் நீளமாக வெட்டினாள். அதற்கப்புறம் சுலபமாகப் போய்விட்டது.

இத்தாலியில் போ நதிக்கரையில் இருந்த அந்த ஊரில் ஒலிந்தோவைத் தெரியாதவர்கள் கிடையாது. கொத்தனார். 1921-இல் வேலைநிறுத்தம் நடத்தினார் என்று இதே கட்சியின் கறுப்புச் சட்டைக்காரர்கள் அவரைச் சதுக்கத்தில் நாற்காலியோடு கட்டி, வாயில் புனல் வைத்து அரை லிட்டர் விளக்கெண்ணெய் ஊற்றினார்கள். நனைந்த கால்சட்டையோடு அத்தனை பேர் பார்க்க வீட்டுக்கு நடந்தார். அன்றிலிருந்து அந்தச் சதுக்கத்தில் கால் வைக்கவில்லை. ரொட்டி வாங்கப் போனாலும் ஆற்றங்கரை வழியாகச் சுற்றித்தான் போவார்.

போன நவம்பரில் இருமலில் ரத்தம் வந்தது. கட்சி அட்டை இல்லாமல் ஆஸ்பத்திரியில் இலவசப் படுக்கை கிடையாது என்று குமாஸ்தா சொல்லிவிட்டான். இர்மா அன்றே விண்ணப்பம் வாங்கி, அப்பா பெயரில் தானே கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாள். தப்புதான். ரத்தம் துப்பும் அப்பாவைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு எந்த மகள் கொள்கை பேசுவாள்? படுக்கை கிடைத்தது. “எப்படிம்மா குடுத்தானுங்க?” என்று அவர் கேட்டதற்கு, “டாக்டர் நல்ல மனுஷன்பா,” என்றாள். நாலு மாதம் அந்தப் பொய்யை நம்பிப் படுத்திருந்துவிட்டு நேற்று விடியற்காலை போய்ச் சேர்ந்தார்.

மத்தியானமே கட்சிச் செயலாளர் பந்தினி மலர்வளையத்தோடும் ஒரு கறுப்புச் சட்டையோடும் வந்துவிட்டான். உறுப்பினர் பட்டியலில் பெயரைப் பார்த்திருக்கிறான்.

“ஒலிந்தோ நம்மாளு! எனக்கே தெரியாதும்மா. பதினஞ்சு வருஷம் ஆனா என்ன, வெளக்கெண்ணெய் கடைசில வேலை செஞ்சிடுச்சு பாத்தியா!” தன் நகைச்சுவைக்குத் தானே சிரித்தான். “நாளான்னிக்கு ஒன்பது மணிக்குச் சதுக்கத்துல வெச்சு கட்சி மரியாதை. பேரைக் கூப்பிடுவோம், அவனுக்காக எல்லாரும் ‘ஆஜர்’ சொல்லணும். குடும்பம் முன்வரிசை.”

கையெழுத்து என்னுடையது என்று சொல்ல இர்மாவுக்கு நாக்கு நுனி வரை வந்தது. சொன்னால் அவள்மேல் மோசடி வழக்கு. எத்தோரேவின் ரயில்வே வேலை அன்றைக்கே போகும். சிரிக்கும் அந்த முகத்தில் காறித் துப்ப வேண்டும்போல் இருந்தது. “சரிங்க,” என்றாள்.

அந்த ஊரில் கொத்தனார் செத்தால் கொத்தனார்கள் எல்லாரும் வந்துதான் தூக்குவார்கள். சுவரில் கட்சி ஒட்டிய மரண அறிவிப்பைப் படித்துவிட்டு ஒருவரும் வரவில்லை. பிரிமோ மட்டும் வந்தார். முப்பது வருடம் அப்பாவோடு ஒரே கட்டடச் சாரத்தில் நின்றவர். கறுப்புச் சட்டையைப் பார்த்தார். காவல்காரன் எழுந்து வந்து கதவில் சாய்ந்து நின்றான்.

“எப்போலேர்ந்து?” என்று கேட்டார் பிரிமோ.

“நவம்பர்லேர்ந்து,” என்றாள் இர்மா.

அவர் இறங்கிப் போனார். இர்மா படிக்கட்டில் ஓடிப்போய்க் கையைப் பிடித்தாள்.

“சித்தப்பா, கையெழுத்து நான் போட்டது. ஆஸ்பத்திரி படுக்கைக்காக. அப்பாவுக்குத் தெரியவே தெரியாது.”

“ஜீனோ கட்சி அட்டை வாங்கினதுக்கு அவன் பொண்டாட்டியும் போன மாசம் இதேதான் சொன்னா. இந்த ஊர்ல எவனுமே தானா கையெழுத்துப் போடல போல. எல்லாம் பேய் வந்து போட்டுட்டுப் போயிருக்கு.”

“சத்தியமா சித்தப்பா.”

பிரிமோ கையை விடுவித்துக்கொண்டார். கண் கலங்கியிருந்தது. “நெசம்னா, நாளைக்கு அவன் பேரைக் கூப்பிடும்போது நீ வாயைத் தெறக்காத. பின்னால நின்னு பாத்துட்டிருப்பேன். நீ பேசாம நின்னா, ஒவ்வொரு கொத்தனார் வீட்டுக்கும் நானே போய்ச் சொல்றேன், ஒலிந்தோ ஒலிந்தோவாவே செத்தான்னு.”

மறுநாள் காலை சவரம் செய்துகொண்டிருந்த எத்தோரேவிடம் இர்மா சொன்னாள். “நான் பதில் சொல்லப் போறதில்ல.”

அவன் கத்தியைக் கீழே வைத்தான். “சொல்லாத. என்னை எந்தத் தீவுல கொண்டுபோய் அடைப்பானுங்கன்னு மட்டும் கேட்டு வெச்சுக்க. கடுதாசி போடணுமில்ல.” கன்னத்தில் பாதி நுரையோடு அப்படியே நின்றான். அவனைப் பார்க்கவும் அவளுக்குப் பாவமாக இருந்தது.

சதுக்கத்தில் பள்ளிப் பிள்ளைகளை வரிசையாகக் கொண்டுவந்து நிறுத்தியிருந்தார்கள். முரசு ஓய்ந்ததும் பந்தினி பெட்டியின் தலைமாட்டில் நின்று கத்தினான்.

“ஒலிந்தோ கெரார்தி!”

வலக்கைகள் நீண்டு உயர்ந்தன. “ஆஜர்!”

செத்தவனுக்காகக் கூட்டம் பதில் சொல்வது. இத்தாலி முழுக்க இதுதான் வழக்கம், மூன்று தடவை. இர்மா உதட்டை இறுக்கிக்கொண்டு நின்றாள். ரொம்ப நாளைக்கப்புறம் அப்பாவுக்குப் பக்கத்தில் நிற்பதுபோல் இருந்தது.

“ஒலிந்தோ கெரார்தி!”

“ஆஜர்!”

இந்தத் தடவை பந்தினி கூட்டத்தைப் பார்க்கவில்லை, அவள் வாயைப் பார்த்தான். எத்தோரேவின் கை அவள் முழங்கையைப் பற்றியது. பிடியில் பலமே இல்லை.

“ஒலிந்தோ கெரார்தி!”

“ஆஜர்,” என்றாள் இர்மா. கையும் உயர்ந்திருந்தது.

பந்தினி திருப்தியாகத் தலையாட்டினான். அவள் திரும்பிப் பின்னால் தேடினாள். மருந்துக்கடைச் சுவரோரம், இரண்டு படைக்காரர்களுக்கு நடுவில் பிரிமோ நின்றிருந்தார். அவர் கையும் மேலே நீண்டிருந்தது. வாய் அப்போதுதான் மூடியது. அவளைப் பார்த்ததும் தலையைக் குனிந்துகொண்டார்.

கைகள் எல்லாம் இறங்கின. அவருடையது மட்டும் இன்னும் கொஞ்ச நேரம் மேலேயே நின்றது.