எழுபத்து மூன்று தடவை திறந்த கதவு

நாற்பது நோயாளிகள், ஆளுக்கு ஆறு நிமிடம். பகல் இரண்டு மணிக்குத் தொடங்கினால் ஆறு மணிக்கு முடிந்துவிட வேண்டும். நாவுலயில் டிஸ்பென்சரி நடத்தும் டொக்டர் நுஸ்லாவுக்கு ஒரு நாளும் எட்டுக்கு முன் முடிந்ததில்லை. மேசையில் கடிகாரத்தை வைத்துப் பார்த்தாள். தலைச்சுற்றலோடு வந்த புதியவர் ஐந்து நிமிடத்தில் எழுந்துவிட்டார். மாதாமாதம் வரும் சாதாரண பிரஷர்காரருக்குப் பன்னிரண்டு நிமிடம். இதில் ஒரு ஒழுங்கும் புலப்படவில்லை.

கண்டுபிடிக்காமல் விடவும் முடியாது. ஆறு வருட ஓட்டத்தில், வீட்டு வாசலில் காரை நிறுத்தினால் இறங்கத் தெம்பில்லாமல் கால் மணி நேரம் அப்படியே உட்கார்ந்திருக்கும் நிலைக்கு வந்திருந்தாள். போன வாரம் ஒரு பிள்ளையின் காய்ச்சலை அளந்துவிட்டு, எழுதுவதற்குள் மறந்துபோனாள். அதுதான் அவளைப் பயமுறுத்தியது. கண்டியில் ஒரு தனியார் ஆஸ்பத்திரி வேலைக்கு அழைத்திருந்தது. மாத முடிவுக்குள் பதில் சொல்ல வேண்டும். போனால் டிஸ்பென்சரியை மூட வேண்டும்.

“ஒரு நாளைக்குக் குடுக்கிற நம்பரைக் குறைச்சிப் பாரேன்,” என்றான் கணவன் ஹுஸ்னி.

“ரெண்டு பஸ் மாறி வாறவங்களத் திருப்பி அனுப்பவா? முதல்ல ஓட்டை எங்கன்னு பார்ப்போம்.”

மறுநாள், மருந்து கொடுக்கும் மரிய கொறற்றியிடம், நாக்கை அழுத்திப் பார்க்கும் மரக்குச்சிக் கட்டு ஒன்றையும் வெறும் டப்பா ஒன்றையும் கொடுத்தாள்.

“அக்கா, என் ரூமுக்குள்ள ஆள் வரக் கதவு திறந்தா, ஒவ்வொரு தடவையும் ஒரு குச்சி போடுங்க.”

“நாப்பது நம்பருக்கு நாப்பது குச்சிதானே டொக்டர்! இதுக்கு ஒரு பரீட்சையா?”

வேலை முடிந்ததும் டப்பாவைக் கவிழ்த்து எண்ணினார்கள். எழுபத்து மூன்று.

கொறற்றி கன்னத்தில் கை வைத்தாள். “நீங்கதானே எல்லாரையும் திருப்பிக் கூப்பிடுறீங்க!”

உண்மைதான். டிஸ்பென்சரி தொடங்கிய புதிதில், ஒருவர் காலையில் மட்டும் குடிக்க வேண்டிய சீனி வருத்த மாத்திரையை, நீரிழிவுக்கானதை, மூன்று வேளையும் விழுங்கி மயங்கி விழுந்தார். அன்றிலிருந்து யார் எழுந்தாலும் நுஸ்லா சொல்வாள்: “மருந்த வாங்கிட்டு எனக்குக் காட்டிட்டுப் போங்க.” சொல்வது அவளுக்கே கேட்காத அளவுக்குப் பழகிவிட்டது. அன்றும் முப்பத்து மூன்று பேர் சொன்னபடி திரும்பி வந்திருக்கிறார்கள்.

காட்டுவதற்கு இரண்டு நிமிடம்தான். ஆனால் அப்போது நாற்காலியில் வேறொருவர் இருப்பார். அவர் கையில் பிரஷர் பட்டியைக் கட்டி, காற்றை இறக்கி, துடிப்புக்குக் காதைக் கொடுத்திருக்கும்போது கதவு திறக்கும். எண் தவறிப்போகும். மறுபடி காற்றடிக்க வேண்டும், விட்ட பேச்சைத் தேட வேண்டும். அதற்கு இன்னும் இரண்டு நிமிடம். முப்பத்து மூன்றை நாலால் பெருக்கினால் இரண்டு மணி பன்னிரண்டு நிமிடம். பிரஷர்காரரின் பன்னிரண்டு நிமிடத்துக்கும் காரணம் அவரல்ல, இடையில் நுழைந்தவர்கள்.

“அப்போ காட்ட வேணாம்னு சொல்லிடுவமா?” என்றாள் கொறற்றி.

“இல்ல அக்கா. காட்டத்தான் வேணும். எப்போ, யாருட்டன்னுதான் மாத்தணும்.”

க்ளினிக் கொப்பிகளைப் புரட்டினாள். முப்பத்து மூன்று பேரில் இருபது பேருக்குப் போன மாத மருந்தேதான். அவர்களுடையதைக் கொப்பியோடு ஒப்பிட்டுப் பார்க்கக் கொறற்றி போதும். மருந்து மாறியவர்கள் வெளியே வாங்குப் பலகையில் உட்கார்ந்து காத்திருந்து, பத்து நம்பருக்கு ஒருமுறை சேர்ந்து வரட்டும்.

“நான் சொன்னா நம்புவாங்களா?”

“அக்கா சரின்னா நான் சரின்னு சொன்னதுதான்னு ஒவ்வொருத்தருட்டயும் நானே சொல்றேன்.”

இரண்டாம் நாளே வெங்காய வியாபாரி ஜுனைதீன் வாங்கிலிருந்து குரல் கொடுத்தார். “டொக்டர் மகள்! மருந்துப் பையோட இதுல குந்தி ஒரு மணித்தியாலம். பல்லேகம பஸ் என்னப் பாத்து ஹோர்ன் அடிச்சிட்டுப் போவுது. ராவைக்கு உங்க வீட்டுலதான் படுக்கையா?”

வாங்கு முழுவதும் சிரித்தது. நுஸ்லாவும் சிரித்தாள். ஆனால் பழைய வழிக்குத் திரும்பவில்லை. பத்து நம்பர் என்றால் ஒரு மணி நேரம். காத்திருப்பவருக்கு அது நீளம். பத்தை ஐந்தாக்கினாள். அதற்குப் பிறகு யாரும் அரை மணிக்கு மேல் வாங்கில் இருக்கவில்லை. முதல் இரண்டு வாரம், கொறற்றி பார்த்துவிட்ட பைகளில் தினமும் ஐந்தைத் தானும் பிரித்துப் பார்த்தாள். ஒன்றிலும் பிழை இல்லை.

மாதக் கடைசியில், தொடர்ந்து ஒன்பதாவது நாளாக ஆறு இருபத்தைந்துக்கு வேலை முடிந்தது. வரவில்லை என்று கண்டிக்கு எழுதிவிட்டு வீட்டுக்குப் போனாள். காரை நிறுத்தியவுடன் இறங்கினாள்.

“அப்பிடி என்னதான் செஞ்ச?” என்று கேட்டான் ஹுஸ்னி.

“பழைய மருந்த அக்கா பார்க்கிறாங்க. புது மருந்த நான் பார்க்கிறேன், அஞ்சு நம்பருக்கு ஒருக்கா, எல்லாரையும் சேர்த்து. ஒரு ஆள் நாற்காலியில இருக்கிற வரைக்கும் கதவு திறக்காது.”