ஐயர் சாப்பிட்டாரா?

டம்ளரில் இருந்தது வெறும் தண்ணீர் இல்லை என்பதை ஹால்வர் முதல் வாயிலேயே கண்டுபிடித்துவிட்டார். அவர் மனைவி இங்ரிட் கெட்டிக்காரத்தனமாகத்தான் செய்திருந்தாள். வடித்த கஞ்சியில் இரண்டு கரண்டி எடுத்து, செம்பு நிறையத் தண்ணீர் விட்டுக் கலக்கி, நிறம் தெரியாமலிருக்க எவர்சில்வர் டம்ளரில் ஊற்றிக் கொண்டுவந்திருந்தாள். அவர் அதை விழுங்காமல் கட்டிலோரத்துக் கிண்ணத்தில் துப்பினார். கோபப்பட்டிருந்தால்கூடத் தேவலை, ஒரு சண்டையாவது போட்டிருக்கலாம். அவர் அவளுடைய கையைத் தட்டிக்கொடுத்துவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். சட்டைக் காலருக்குள் கழுத்து ஒல்லியாகிவிட்டிருந்தது.

அப்போதுதான் தினமும் வருகிற அந்த போன் வந்தது. பாலவாக்கம் மீனவர் குப்பத்திலிருந்து கோவிந்தம்மா.

"அம்மா, ஐயரு சாப்ட்டாரா?"

"இல்லை. புசிக்கவில்லை."

"நல்லதும்மா. நீ மகராசியா இருக்கணும். வச்சிடட்டா?"

இந்த ஊரில் கீரைக்காரி முதல் வங்கி மேனேஜர் வரைக்கும் எல்லாரும் கேட்கிற கேள்விதான் அது. சாப்பிட்டாச்சா என்று கேட்டுவிட்டுத்தான் மற்ற பேச்சு. வந்த புதிதில், நம் வீட்டுச் சாப்பாட்டில் இவர்களுக்கு ஏன் இத்தனை அக்கறை என்று இங்ரிட் குழம்பியதுண்டு. இப்போது இத்தனை பேர் கேட்கிற ஊரில் ஒருத்தி மட்டும் 'இல்லை' என்கிற பதிலுக்காகக் கேட்கிறாள். அந்தப் பதிலைத் தினமும் தன் வாயாலேயே சொல்ல வேண்டியிருக்கிறதே என்று இங்ரிட்டுக்கு வயிறு எரிந்தது.

நார்வேயில் ஒரு மீன்பிடி ஊரில் பிறந்தவர்கள் இருவரும். வேலை ஓய்ந்து, பேரன் பேத்திகளைக் கொஞ்சிக்கொண்டு கிடக்கவேண்டிய வயதில், மிஷன் கேட்டதென்று மெட்ராசுக்குக் கிளம்பி வந்தார்கள். அபிராமபுரத்தில் டாக்டர் கல்யாணராமனின் வீட்டு மாடியில் குடியிருப்பு. பாலவாக்கம் குப்பத்தில் குழந்தைகளுக்கு ஒரு பகல் பள்ளி, சாயங்காலம் ஜெபம். தமிழை இருவரும் வேதப்புத்தகத்தை வைத்துக்கொண்டுதான் படித்தார்கள். அதனால் ஹால்வர் ஆட்டோக்காரரிடம் "சகோதரனே, சற்றே தரித்து நில்லும்" என்பார். ஆட்டோ உண்மையிலேயே நின்றுவிடும், டிரைவர் சிரித்து முடிக்கிறவரைக்கும். லுத்தரன் சபை வழக்கப்படி பாதிரியாரை ஐயர் என்று கூப்பிடுவார்கள். குப்பத்து ஜனங்கள் வாசலில் வந்து "ஐயர் இருக்காரா?" என்று கேட்டால், கீழே ஈஸிசேரில் இருக்கும் கல்யாணராமன் செய்தித்தாளை இறக்காமலே "எந்த ஐயர்? மீன் சாப்பிடற ஐயரா, சாப்பிடாத ஐயரா?" என்பார். அந்த வேடிக்கையெல்லாம் நின்று பத்து நாளுக்கு மேலாகிறது.

கோவிந்தம்மாவின் மகன் மண்ணாங்கட்டி கடலுக்குப் போன பைபர் படகு கவிழ்ந்தது. முதல் இரண்டு பிள்ளைகளும் தொட்டிலோடு போய்விட, இதையாவது எமன் சீந்தாமல் விடட்டும் என்று வைத்த பெயர் அது. கூடப் போன ஆரோக்கியராஜ் காலி கேனைக் கட்டிப்பிடித்துக்கொண்டு கரை சேர்ந்தான். மண்ணாங்கட்டி வரவில்லை. கோவிந்தம்மா மணலில் உட்கார்ந்தவள் எழுந்திருக்கவில்லை. பச்சைத் தண்ணீர் குடிக்கவில்லை. காரியம் பண்ணிடலாம் என்று சொல்ல வந்த பெரியவர்கள்மேல் மண்ணை வாரி எறிந்தாள். "வாய்க்கரிசி போட வாய் எங்கடா? கொண்டாந்து காட்டு, போடறேன்" என்று கத்தினாள். இப்படியே விட்டால் இவளும் போய்விடுவாள் என்று எல்லாருக்கும் பயம் வந்தது.

ஹால்வர் அவள் எதிரே மணலில் மண்டியிட்டார். அவருக்குத் தெரிந்த ஒரே வழியில் பேசினார். "ஸ்திரீயே, நீ புசி. உன் குமாரன் வரும்வரைக்கும் உனக்குப் பதிலாக நான் உபவாசமிருக்கிறேன்." ஒருவருக்குப் பதில் இன்னொருவர் பாடு படுவது என்பது, அந்த மனிதர் வாழ்நாள் முழுக்க நின்று பிரசங்கித்த விஷயம். அதைத்தான் செய்தார். நுணலும் தன் வாயால் கெடும் என்று நம் பக்கம் சொல்வார்கள். அவர் ஊரில் சொல்லமாட்டார்கள் போலிருக்கிறது.

கோவிந்தம்மா அவரை வெகுநேரம் பார்த்தாள். பிறகு யாரோ நீட்டிய சோற்றை வாங்கிச் சாப்பிட்டாள். மறுநாள் குளித்தாள். அதற்கு மறுநாள் கூடையைத் தூக்கினாள். "ஐயரு பட்டினி கெடக்குறாரு, எம்புள்ள வந்துடுவான்" என்று மீன் வாங்க வருகிறவர்களிடமெல்லாம் சொன்னாள்.

இதில் கொடுமை என்னவென்றால், மூன்றாம் நாளே ஆரோக்கியராஜ் மாடிக்கு வந்து, கதவைச் சாத்திக்கொண்டு, இங்ரிட்டும் கேட்க ஹால்வரிடம் சொல்லிவிட்டான். அலை ஒருமுறை மண்ணாங்கட்டியை மேலே கொண்டுவந்து காட்டியது. தலையில் அடிபட்டு, கண் திறந்தபடி இருந்தான். அப்புறம் காட்டவில்லை. ஆரோக்கியராஜ் போனபிறகு இங்ரிட் தட்டில் ரொட்டியும் முட்டையும் வைத்துக் கொண்டுவந்தாள். முடிந்ததே, இனி என்ன என்று நினைத்தாள். ஹால்வர் தட்டைத் தள்ளினார். தங்கள் மொழியில் மெதுவாகச் சொன்னார்: "நான் ஒரு வாய் தின்றால் அந்த வாயில் அவன் சாவான், இங்ரிட். அவளுக்கு இப்போதுவரை அவன் சாகவில்லை."

"அப்படியானால் நீ செத்துப்போ" என்றாள் அவள். சொல்லிவிட்டு சமையலறையில் போய் நின்று அழுதாள்.

சபைத் தலைவர் போனில் சொல்லிப் பார்த்தார். மகள் வீடியோவில் அழுது பார்த்தாள். கல்யாணராமனின் மனைவி காமாக்ஷி மாமி படியேறி வந்து, "நாங்க ஏகாதசிக்கே பாலும் பழமும் எடுத்துப்போம். பகவான் ஒண்ணும் கோச்சுக்கமாட்டார். உங்க பகவான் மட்டும் என்ன அவ்வளவு கறாரா?" என்று கேட்டாள். ஹால்வர் சிரித்தார். அவ்வளவுதான்.

இன்று காலை, துப்பின கஞ்சித் தண்ணீரை இங்ரிட் துடைத்துக்கொண்டிருந்தபோது கல்யாணராமன் வந்து நாடி பார்த்தார், ரத்தம் எடுத்துப் பார்த்தார். பிறகு அவளை மாடிப்படிக்குக் கூட்டிக்கொண்டு வந்தார்.

"வயசு, சர்க்கரை, எல்லாம் சேர்ந்துண்டுடுத்து. ஆஸ்பத்திரிக்கு வரமாட்டேங்கறார். ட்ரிப்ஸும் சாப்பாடுதானாம். நினைவு தப்பித்துன்னா நான் அவரைக் கேக்கப்போறதில்லை, ஆம்புலன்ஸைக் கூப்பிட்டுடுவேன். ஆனா அதுக்குள்ள கிட்னி கையை விரிச்சுடும்மா. யார் சொன்னா கேப்பாரோ, அவாளை இன்னிக்கே அழைச்சுண்டு வாங்கோ."

யார் சொன்னால் கேட்பார் என்று இங்ரிட்டுக்குத் தெரியும். முதல் நாளிலிருந்தே தெரியும். தெரிந்துதான் அந்தப் பக்கம் போகாமல் கடவுளிடமும் கஞ்சித் தண்ணீரிடமும் முட்டிக்கொண்டிருந்தாள்.

கோவிந்தம்மா குப்பத்துக்குப் போகிற திருப்பத்தில், கிழிந்த குடைக்கு அடியில் சங்கரா மீனைப் பரப்பி வைத்து உட்கார்ந்திருந்தாள். தலை வாரி, பொட்டு வைத்திருந்தாள். ஆட்டோவிலிருந்து இறங்கிய இங்ரிட்டைப் பார்த்ததும் முகம் மலர்ந்து, ஐஸ் பெட்டியைத் துடைத்து உட்காரச் சொன்னாள்.

"இன்னாம்மா இந்த வெயில்ல? தோ பாரு, தண்ணி வடக்க இழுக்குதாம் இப்போ. ஆந்திரா பக்கம் எவன்னா போட்டுல ஏத்திக்கினு போயிருப்பான். எம்புள்ளைக்கு ஒரு நம்பர் மனப்பாடமா தெரியாது, எல்லாம் போன்லயே கீதுன்னு சோம்பேறித்தனம். அதான் பேசாம கீறான்."

இங்ரிட் சொல்ல வேண்டியதை வழியெல்லாம் அடுக்கிக்கொண்டு வந்திருந்தாள். அவளுக்குத் தெரிந்த தமிழில் ஆறுதல் சொல்லலாம், ஆசீர்வதிக்கலாம், புலம்பலாம். ஒரு தாயிடம் போய் உன் பிள்ளையை விட்டுவிடு என்று கேட்கச் சொற்கள் இல்லை. நல்லபடியாகச் சொல்ல எந்த மொழியிலும் இருக்காது.

"கோவிந்தம்மா, என் புருஷன் மரித்துப்போவார்."

கோவிந்தம்மாவின் கை மீன்மேல் நின்றது.

"நீ சொன்னால் புசிப்பார். நீ சொன்னால் மாத்திரம்."

ஸ்கூட்டரில் வந்த ஒருவர் விலை கேட்டார். கோவிந்தம்மா அவரை நிமிர்ந்து பார்க்கவேயில்லை. அவர் ஹாரனை ஒருமுறை அடித்துவிட்டுப் போய்விட்டார்.

"நான் சாப்பிடுன்னு சொன்னா, எம்புள்ள?"

இங்ரிட் மீன்களையே பார்த்தாள்.

"உனக்குப் புருசன். எனக்குப் புள்ளம்மா."

"அறிவேன்."

"தெரிஞ்சுக்கினேவா வந்து கேக்குற?"

"ஆம்" என்றாள் இங்ரிட். இத்தனை வருஷத்தில் இந்தப் பெண்களிடம் கடவுள் பெயரைச் சொல்லாமல் தனக்காக அவள் எதையும் கேட்டதில்லை. தன்னை நினைக்கவே அவளுக்கு அருவருப்பாயிருந்தது. ஆனாலும் ஐஸ் பெட்டியைவிட்டு எழுந்திருக்கவில்லை. கோவிந்தம்மா அவள் மணிக்கட்டைப் பிடித்தாள். கை ஐஸ்போல ஜில்லென்றிருந்தது.

"நீ பொய் சொல்லமாட்ட. சொல்லு. அவன் வருவானா?"

ஆரோக்கியராஜ் சொன்னது நெஞ்சில் வந்து நின்றது. "அதை அவரிடத்தில் கேள்" என்றாள் இங்ரிட். எழுந்திருக்கவே முடியாமல் கிடக்கிற மனிதரின் தலையில் இதையும் தூக்கிப் போட்டாயிற்று.

கோவிந்தம்மா மீனையெல்லாம் வாரிக் கூடையில் போட்டு ஈரச்சாக்கால் மூடினாள். ஆட்டோவில் ஏறிக் கூடையை மடியில் வைத்துக்கொண்டாள். திருவான்மியூர், அடையாறு பாலம் என்று வழிநெடுக அதை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தாள்.

வாசலில் காமாக்ஷி மாமி நின்றிருந்தாள். அந்த வீட்டுப் படிக்கு மீன் கூடை வந்தது அதுதான் முதல்முறை. மாமி மூக்கைச் சுளிக்கவில்லை என்று சொன்னால் பொய். சுளித்துக்கொண்டேதான் சொன்னாள்: "கூடையை வெயில்ல வைக்காதேம்மா. உள்ளே நிழலா வச்சுட்டுப் போ, நான் பாத்துக்கறேன்."

மாடியில் ஹால்வர் கண்ணை மூடிக் கிடந்தார். காலடி கேட்டுத் திறந்தார். கோவிந்தம்மாவைக் கண்டதும் எழுந்து உட்காரப் பார்த்தார். அவள் அவர் தோளை அழுத்திப் படுக்கவைத்துவிட்டுக் கட்டிலடியில் தரையில் உட்கார்ந்தாள்.

"ஐயரே. குப்பமே எம்மூஞ்சப் பாக்காம போவுது. ஆரோக்கியம் என்னைக் கண்டா சந்துல பூந்து ஓடறான். நான் யாரையும் கேக்கல. உன்னைத்தான் கேக்கறேன். வருவானா?"

அவர் உதடு அசைந்தது. ஒரு சொல் போதும். 'வருவான்' என்றால் அவள் எழுந்து போய்விடுவாள், நாளைக் காலையில் போன் வரும். இங்ரிட் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பொய் சொல்லிவிடாதே என்று வேண்டினாளா, உண்மையைச் சொல்லிவிடாதே என்று வேண்டினாளா, அவளுக்கே தெரியவில்லை. ஹால்வரின் கண்ணோரத்திலிருந்து தண்ணீர் வழிந்து காதுக்குள் போயிற்று. அவர் ஒன்றும் சொல்லவில்லை.

கோவிந்தம்மா அவர் கண்ணோரத்தை முந்தானையால் துடைத்தாள்.

"கஞ்சி கீதா?" என்றாள், திரும்பாமல்.

இங்ரிட் காலையில் வடித்ததைச் சோற்றோடு கிண்ணத்தில் ஊற்றிக் கொண்டுவந்து, ஸ்பூனையும் போட்டுக் கொடுத்தாள். கோவிந்தம்மா ஸ்பூனை எடுத்துத் தரையில் வைத்தாள். கையைப் புடவையில் நன்றாகத் துடைத்துக்கொண்டாள். கிண்ணத்துக்குள் விரலை விட்டுத் துழாவி, கஞ்சியை வடியவிட்டு, குழைந்த சோற்றில் கொஞ்சம் எடுத்துக்கொண்டாள்.

"வாயத் தொற, நைனா."

ஹால்வர் வாயைத் திறந்தார். சோறு அவர் உதட்டுக்குப் பக்கத்தில் வந்தது, அங்கேயே நின்றது. கீழே மாமி காக்கையை விரட்டுகிற சத்தம் கேட்டது. கோவிந்தம்மாவின் விரலிடுக்கிலிருந்து கஞ்சி ஒழுகி, மணிக்கட்டில் இறங்கி, ரப்பர் வளையலில் தேங்கி, பிறகு முழங்கையை நோக்கி மெல்ல வழிந்துகொண்டிருந்தது.