ஆமையைக் காப்பாற்றியவர்கள்

வலது மணிக்கட்டு விண் விண் என்று தெறித்தது. மழைக்காலம் முழுக்கக் குந்தியிருந்து வலையின் கிழிசலை அடைத்த கை. அதே கையால்தான் அடுப்படியில் நண்டு உடைத்துக்கொண்டிருந்தேன். எங்களுக்கென்று இருந்தது அந்த ஒரு வலைதான். நேற்று அதில் விழுந்ததுதான் இந்த நண்டும் இறாலும். விடியுமுன் என் புருஷன் அந்த வலையைத் திரும்பவும் கடலில் விட்டுவிட்டு வந்திருந்தார்.

அக்கா புருஷனுக்குச் சுற்றுலாப் படகு. காலையில் கடல் பிராணி, மதியம் மீன் விருந்து. காட்டுவது அவர், ஆக்கிப்போடுவது நான். வருகிறவர்கள் கழுத்தில் தொலைநோக்கியைத் தொங்கவிட்டுக்கொண்டு நாரையை வாத்து என்பார்கள். அத்தானும் "ஆமா சார், வாத்துதான்" என்பார்.

அன்றைய கூட்டம் கைதட்டிக்கொண்டே கரையிறங்கியது.

"ஒரு ஆமையைக் காப்பாத்திட்டோம்," என்றாள் தொப்பிக்காரி. "எவனோ வலை போட்டுச் சாகடிக்கப் பார்த்திருக்கான். வெட்டி விட்டாச்சு."

ஞாபகத்துக்கென்று ஒரு துண்டு வலையைக் கையில் சுற்றியிருந்தாள். நீல வலையில் பச்சை நூல். நீலம் தீர்ந்துபோய் நான் போட்ட முடிச்சு.

அத்தானைக் கொல்லைப்புறம் கூட்டிப்போனேன்.

"உங்க சகலை வலைன்னு தெரியலையா?"

"மிதவையைப் பார்த்ததுமே தெரிஞ்சுது."

"ஓரத்தைத் தூக்கிவிட்டா அது பாட்டுக்குப் போயிருக்குமே."

"அதத்தான் சொன்னேன். அதுக்குள்ள அந்தம்மா அழ ஆரம்பிச்சிடுச்சு. எல்லாரும் கேமராவைத் தூக்கிட்டாங்க."

"கத்தியை எடுத்துக் குடுத்துட்டீங்க."

"நான் எதுக்கு அவங்க கையில குடுக்கிறேன்?" தலையைச் சொறிந்தார். "நானே வெட்டினேன். படம் நல்லா வந்திருக்கு."

"எவ்வளவு போச்சு?"

"குறுக்கால வெட்டினதுல பாதி ஆழத்துக்குப் போயிடுச்சும்மா. மீதி நாராக் கிடக்கு."

உள்ளேயிருந்து நண்டு கேட்டுக் கூப்பிட்டார்கள். கொண்டுபோய் வைத்தேன். ஆமைக்கு அழுத வாயெல்லாம் நண்டுக் காலைக் கடித்து உறிஞ்சியது. நண்டுக்கு அழ ஆளில்லை. அதன் மூஞ்சி படத்துக்கு லாயக்கில்லை போலிருக்கிறது.

"ருசியா இருக்கே, எதுல பிடிச்சது?" என்றார் ஒருத்தர்.

"நீங்க வெட்டினீங்களே, அந்த வலையில."

தொப்பிக்காரி துண்டு வலையை அவிழ்த்துத் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தாள். கொஞ்ச நேரம் அதையே பார்த்தாள். பிறகு, இறால் இன்னும் இருக்கிறதா என்று கேட்டாள்.

கத்தியும் கையுமாக நிற்கும் படத்தை அத்தான் பெரிசாக்கிப் படகு முகப்பில் ஒட்டியிருக்கிறார். கூட்டம் கூடிவிட்டது. வலையில்லாத என் புருஷன் அதே படகில், வருகிறவர்களின் செருப்பை வரிசையாக அடுக்கிவைக்கிறார். அக்கா எங்கள் வீட்டுப் பக்கம் வருவதில்லை.

அத்தான் எங்களுக்கு ஒரு வலை தரவேண்டும். இன்னும் தரவில்லை.