ரெஜினா ஜெயித்த பந்தயம்

ரெஜினா தன் மகனுக்குப் பெண் பார்த்தது ஒரு ஓட்டப் பந்தயத்தில். செங்கல்பட்டில் நடந்த மாவட்டப் போட்டிக்கு ஸ்டாப் வாட்ச் பிடிக்கப் போயிருந்தாள். நானூறு மீட்டரில் கடைசி வளைவைத் திரும்பி ஒரு பெண் வந்த அழகில், வாட்ச்சை அழுத்தவே மறந்துவிட்டாள். பெயர் பிரிசில்லா, மதுராந்தகத்துப் பெண் என்று விசாரித்துத் தெரிந்துகொண்டு, அந்த வாரமே அவள் வீட்டுக்குப் போய்க் கேட்டாள். சர்ச்சில் யாரோ, "பொண்ணுக்கு இன்னா போடறாங்க?" என்றபோது, "நானூறு மீட்டர ஒரு நிமிசத்துக்குள்ள ஓடுது. அது போதாதா?" என்றாள்.

ரெஜினாவும் ஒரு காலத்தில் நானூறு மீட்டர்தான். அந்த ஓட்டம்தான் அவளுக்கு ரயில்வேயில் வேலை வாங்கிக்கொடுத்தது. கணவன் சீக்கிரமே இறந்துவிட்ட பிறகு, அந்த வேலைதான் ஸ்டான்லியை வளர்த்தது. ஸ்டான்லிக்கோ ஓட்டம் என்றாலே ஆகாது. கம்பெனி பஸ் கிளம்பினால்கூட நடந்துதான் போவான்.

பிரிசில்லா வந்த பிறகு அந்த வீட்டில் தினமும் சண்டை. மற்ற வீடுகளில் சாம்பாரில் உப்பைப் பற்றி நடக்கும் சண்டை, இங்கே அந்தக் கால ஓட்டக்காரி உஷாவா, இந்தக் கால ஹிமா தாஸா என்று நடந்தது.

"உஷா காலத்துல இன்னாடி இருந்துது? நல்ல ஷூ இருந்துதா, சாப்பாடு இருந்துதா? கடல் மணல்ல ஓடிப் பழகி உலகத்தையே திரும்பிப் பாக்க வெச்சா."

"ஹிமா தாஸ் மட்டும் இன்னா, அரண்மனைலயா பொறந்தாங்க? வயக்காட்டுல ஓடினவங்கதான் அத்த. உலக ஜூனியர் போட்டில தங்கம். உங்க உஷா ஒலிம்பிக்ஸ்ல நாலாவது."

"நூறுல ஒரு பங்கு நொடிடி! அதுக்கு நாலாவதுன்னு சொல்லுவியா நீ?"

உஷாவும் ஹிமாவும் தீர்ந்ததும் பேச்சு அவர்களிடமே வந்து நிற்கும். பிரிசில்லாவின் நேரம்தான் குறைவு. ஆனால் தான் வெறுங்காலோடு மண் மைதானத்தில் ஓடினவள் என்பாள் ரெஜினா. "அதுவும் எங்களுக்குக் கைல அமுக்கற வாட்ச்சு."

"கை வாட்ச்சு டைம கொறச்சுத்தான் காட்டும் அத்த. கரெக்டா பாத்தா நீங்க இன்னும் ஸ்லோ."

ஸ்டான்லி தலையில் அடித்துக்கொள்வான். ரெஜினா சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொள்வாள். கல்யாணமாகி மூன்று வருஷமாகியும் குழந்தையில்லை என்று ஊர் பேசியது. அந்த வீட்டுக்குள் அந்தப் பேச்சு நுழையாமல் பார்த்துக்கொண்டவள் ரெஜினாதான்.

ஒரு நாள் அவளே சவால் விட்டாள். "டிராக்குல நீ ஜெயிப்ப. மணல்ல வா, பாக்கலாம். வயசுக்கு ஏத்த மாதிரி எனக்கு முன்னாடி எடம் குடு."

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து மூன்று பேரும் மாமல்லபுரத்துக்குப் போனார்கள். கோயில் பக்கக் கூட்டத்தைத் தாண்டி, தெற்கே சவுக்குத் தோப்பை ஒட்டிய கரை. தூரத்தில் கரையேற்றிக் கிடந்த நீலப் படகுதான் எல்லை. ரெஜினா சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு முன்னால் போய் நின்றாள். ஸ்டான்லி துண்டை வீசினான்.

ஐம்பத்தைந்து வயதில் அவள் அப்படி ஓடுவாள் என்று அவளே நினைக்கவில்லை. பின்னால் பிரிசில்லாவின் காலடி நெருங்கி வந்தது. இதோ தாண்டிவிடுவாள் என்று தோன்றிய இடத்தில் அந்தச் சத்தம் பின்தங்கியது. ரெஜினா படகைத் தொட்டுவிட்டுத் திரும்பிப் பார்த்தாள். பிரிசில்லா ஒரு கையை வயிற்றோரம் வைத்துக்கொண்டு மெதுவாக வந்துகொண்டிருந்தாள்.

"அம்மா ஜெயிச்சிட்டாங்கோ!" என்று ஸ்டான்லி கத்தினான்.

ரெஜினாவுக்கு முகம் மாறிவிட்டது. "விட்டுக் குடுத்தியாடி? கெழவின்னு பாவம் பாத்தியா?"

"இல்ல அத்த. மூச்சு வாங்கிடுச்சு."

"யார்கிட்ட சொல்ற? நான் ஓடினவ. ஒருத்தி முடியாம நிக்கறாளா, வேணும்னு நிக்கறாளான்னு எனக்குத் தெரியாது?"

பிரிசில்லா ஏதோ சொல்ல வாயெடுத்தாள். ஆனால் ரெஜினா முன்னால் நடந்துவிட்டாள். திரும்பும் வழியெல்லாம் பேசவில்லை. அடுத்த சில நாட்களும் முகத்தைத் தூக்கியே வைத்திருந்தாள்.

அந்த வாரக் கடைசியில் பிரிசில்லா குளியலறையிலிருந்து ஸ்டான்லியைக் கூப்பிட்டாள். குரல் சரியாக இல்லை. ஆஸ்பத்திரிக்குப் போகும்போது ஆட்டோவில் ரெஜினாவின் கையை விடாமல் பிடித்திருந்தாள். டாக்டர் சோதித்துவிட்டு வெளியே வந்து சொன்னார். கரு இருந்திருக்கிறது, தங்கவில்லை.

ஸ்டான்லி கடற்கரையைப் பற்றிக் கேட்டான். "ஓடினதால இல்லப்பா," என்றார் டாக்டர். "ஆரம்பத்துலயே சரியா உருவாகல. யார் மேலயும் தப்பு இல்ல."

அது அவன் காதில் ஏறவில்லை. வீட்டுக்கு வந்ததும், கட்டிலில் படுத்திருந்த மனைவியையும் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மாவையும் பார்த்து, "ரெண்டு பேரும் சேந்து ஓடியே என் புள்ளையக் கொன்னுட்டீங்க," என்றான். சொல்லிவிட்டு வாசலில் போய் உட்கார்ந்து சத்தமாக அழுதான்.

அதன் பிறகு அந்த வீட்டில் சண்டையே இல்லை. போட்டி நடந்தாலும் யாரும் டிவி போடுவதில்லை. ஒரு நாள் பிரிசில்லா பையை எடுத்துக்கொண்டு, கொஞ்ச நாள் அம்மா வீட்டில் இருந்துவிட்டு வருகிறேன் என்று மதுராந்தகத்துக்குப் போனாள். ஸ்டான்லி அவளைத் தடுக்கவில்லை.

ஒரு மாதம் பொறுத்துப் பார்த்துவிட்டு ரெஜினா ரயில் ஏறினாள். பிரிசில்லாவின் அம்மா டீ கொடுத்துவிட்டு, அவர்கள் பேசட்டும் என்று கடைக்குப் போனாள்.

"வூட்டுக்கு வாடி," என்றாள் ரெஜினா. "அவன் ஆத்திரத்துல பேசிட்டான். உன்ன ஓட வெச்சது நான். எனக்கு மட்டும் தெரிஞ்சிருந்தா..."

"எனக்குத் தெரியும் அத்த."

ரெஜினாவுக்குப் புரியவில்லை.

"அதுக்கு ரெண்டு நாள் முன்னாடியே டெஸ்ட் பண்ணிப் பாத்துட்டேன். சொன்னா ஓட விட மாட்டீங்க. ஓடி முடிச்சுட்டு அந்தப் படகுகிட்ட வெச்சு உங்ககிட்டதான் மொதல்ல சொல்லணும்னு இருந்தேன். பாதில பயம் வந்துடுச்சு. கை தானா வயித்துக்குப் போயிடுச்சு. நான் விட்டுக் குடுக்கல அத்த. நீங்க கோவமா போயிட்டீங்க. சரி, நாளைக்குச் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம்னு..."

ரெஜினா எழுந்து அவளைக் கட்டிக்கொண்டாள். பிரிசில்லாவின் அம்மா கடையிலிருந்து திரும்பி வரும்வரை இருவரும் அழுதார்கள்.

"அவர்கிட்ட சொல்லாதீங்க," என்றாள் பிரிசில்லா. "டாக்டர் சொன்னதையே நம்பல. தெரிஞ்சே ஓடினேன்னு தெரிஞ்சா என் மூஞ்சில முழிக்க மாட்டாரு."

அன்று சாயங்காலம் ரெஜினா வீடு திரும்பியதும் ஸ்டான்லி அதையே கேட்டான். பல நாளாக அவனை அரித்துக்கொண்டிருந்த கேள்வி போலிருக்கிறது. "அம்மா, நெஜத்தச் சொல்லு. அவளுக்கு முன்னாலயே தெரியுமா?"

"தெரியாது," என்றாள் ரெஜினா. அதோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் மகனின் முகத்தில் சந்தேகம் போகவில்லை. "அன்னைக்குக் காலைல, நீ இல்லாதப்ப, ஒடம்பு முடியலன்னு என்கிட்ட சொன்னாடா. இன்னொரு நாள் ஓடலாம் அத்தன்னு கெஞ்சினா. நான்தான் கேக்கல. கட்டாயப்படுத்தி இட்டுக்கினு போனேன்."

"ஒரு பந்தயத்துக்காகவா?" என்று கேட்டான் ஸ்டான்லி.

அடுத்த ஞாயிறு அவன் மதுராந்தகத்துக்குப் போய் மனைவியிடம் மன்னிப்புக் கேட்டான். அவளைக் கூட்டிக்கொண்டு வருவான் என்று ரெஜினா மீன் வாங்கிக் குழம்பு வைத்திருந்தாள். அவன் தனியாகத்தான் வந்தான். துணிகளை மடித்துப் பெட்டியில் வைத்தபடி, அங்கேயே வாடகைக்கு வீடு பார்த்தாகிவிட்டது என்றான். "அவ கொஞ்ச நாள் நிம்மதியா இருக்கட்டும்மா." சாப்பிடாமலே போய்விட்டான்.

முதலில் பிரிசில்லா மத்தியான நேரத்தில், ஸ்டான்லி வேலைக்குப் போயிருக்கும்போது, போன் செய்வாள். "ஏன் அத்த அப்படிச் சொன்னீங்க?" என்று ஒருமுறை கேட்டாள். ரெஜினா, "சாப்ட்டியா?" என்று பேச்சை மாற்றினாள். உண்மையைச் சொல்லிவிடுகிறேன் என்று பிரிசில்லா பல தடவை சொன்னாள். சொல்லவில்லை. சொல்ல வேண்டாம் என்றுதான் ரெஜினாவும் வேண்டிக்கொண்டாள். நாளாக நாளாக மதுராந்தகத்து வீட்டில் எல்லாம் சரியாகிக்கொண்டு வந்திருக்க வேண்டும். போன் வருவது குறைந்தது. பிறகு பண்டிகைக்கு மட்டும் வந்தது.

மறுவருஷம் ஈஸ்டர் முடிந்த ஒரு ஞாயிறு, சர்ச் வாசலில், கூட ஆராதனைக்கு வரும் ரூத் ஓடிவந்து ரெஜினாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். ரூத்துக்கு மதுராந்தகத்தில் சொந்தக்காரர்கள் உண்டு.

"இன்னாக்கா, இவ்ளோ பெரிய விசயத்த மறச்சு வெச்சிருக்க? உன் மருமவளுக்கு அஞ்சு மாசமாமே!"

செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்த ரெஜினா நிமிர்ந்தாள். ஈஸ்டருக்கு வந்த போனில்கூட பிரிசில்லா அதைச் சொல்லவில்லை.

"தெரியும்," என்றாள். "மொத மொதல்ல என்கிட்டதான் சொன்னா."