பிரேக்கில் இட்ட நாமம்

நண்பர் சிபியின் பதிவுத் திருமணம் என் ஒருவனால் நின்றுபோகவிருந்தது. அதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுவதுதான் முறை என்று கருதுகிறேன்.

சிபியும் நானும் கொல்கத்தாவின் சால்ட் லேக்கில் ஒரே அலுவலகத்தில் பணிபுரிகிறோம். பதிவுக்கு மறுநாள் காலை அவர் ஆறு மாதப் பணிக்காக சிட்னி புறப்பட வேண்டும். அதற்கு முன் பதிவு முடிந்தால்தான் ஹர்ஷினி மனைவி என்ற முறையில் விசாவுக்கு விண்ணப்பிக்க இயலும். அலிப்பூரில் உள்ள திருமணப் பதிவாளர், பகல் பன்னிரண்டு மணி வரை மட்டுமே காத்திருப்பதாகவும், அதன்பின் மைத்துனரின் தொழிற்சாலைக்கு விருந்துக்குச் சென்றுவிடுவதாகவும் தெரிவித்திருந்தார். அன்று விஸ்வகர்மா பூஜை. நகரத்து டாக்சிகளும் ஆட்டோக்களும் மாலை அணிந்து ஓய்வெடுக்கும் நாள்.

"அதுக்கென்ன சிபி, என்னோட கார் இருக்கே!" என்று நான்தான் வாக்களித்தேன்.

கார் என்னிடம் வந்து ஐந்து நாட்களே ஆகியிருந்தன. ஒருவர் பயன்படுத்திய ஆட்டோமேட்டிக் கார். விற்றவரின் ஓட்டுநரே கொண்டுவந்து எங்கள் குடியிருப்பின் கீழே நிறுத்திச் சென்றார். நான் அதை ஓட்டியதில்லை. ஊரில் கற்றுக்கொண்டதெல்லாம் கிளச் உள்ள வண்டியில்தான்.

முந்தைய நாள் மாலை, லேக் மார்க்கெட்டில் மளிகைக் கடை வைத்திருக்கும் மாணிக்கம் அண்ணாச்சி தாமாகவே வந்து காருக்குப் பூஜை செய்து கொடுத்தார். கியர் லீவரின் தலையிலும் சந்தனம் வைத்தார். பிறகு குனிந்து வெகு நேரம் கால் பக்கம் ஏதோ செய்தார்.

"தம்பி, வண்டிய நிப்பாட்டுறது பிரேக்குதான? அதுக்குத்தான் முதல் மரியாதை. உங்க வீட்டு வழக்கப்படி பொட்டுக்குப் பதிலா நாமமே போட்டுட்டேன் பாத்துக்கிடுங்க!" என்றார்.

பார்த்தேன். பிரேக் பெடலின் மீது, அளவெடுத்தாற்போல ஓர் அழகிய நாமம். சந்தனத்தில் இரு கோடுகள், நடுவே குங்குமக் கோடு. நன்றி சொல்லி அனுப்பினேன். அவர் மனம் நோக வேறென்ன சொல்வது?

காலை பத்து மணிக்குப் பட்டு வேட்டியில் சிபியும், பட்டுச் சேலையில் ஹர்ஷினியும் வந்து ஏறிக்கொண்டார்கள். ஹர்ஷினி கொல்கத்தாவிலேயே பிறந்து வளர்ந்தவர். நான் செருப்பை வெளியே கழற்றி வைத்துவிட்டு அமர்ந்தேன். நாமம் என்பது பெருமாளின் திருவடி. அதன்மேல் என் அடியை வைப்பது எப்படி? வண்டி ஓடும்போது அவசியம் நேர்ந்தால், மன்னிப்புக் கேட்டுக்கொண்டு ஓரமாகத் தொடலாம் என்று முடிவு செய்திருந்தேன்.

சாவியைத் திருப்பினேன். எஞ்சின் இயங்கியது. லீவரை, நிறுத்தத்தைக் குறிக்கும் 'பி'-யிலிருந்து ஓட்டத்துக்கான 'டி'-க்கு இழுத்தேன். வரவில்லை. அதன் பொத்தானை அழுத்தினேன். பொத்தானே உள்ளே போகவில்லை.

"ஹேண்ட் பிரேக் போட்டிருக்குதுங்களா?" என்றார் சிபி.

எடுத்துப் பார்த்தோம். பயனில்லை. எஞ்சினை அணைத்து மறுபடி இயக்கினோம். சிபி இறங்கி வண்டியை முன்னும் பின்னும் குலுக்கினார். வேட்டி அவிழ்ந்ததே தவிர, லீவர் அசையவில்லை. கைபேசியில் டாக்சி தேடிய ஹர்ஷினிக்கு மூன்று பேர் ஒப்புக்கொண்டு, மூவரும் ரத்து செய்தார்கள்.

"உஃப்! இன்னிக்கு யாரும் வண்டி எடுக்க மாட்டாங்க, சேஷாத்ரி-தா. நான் நம்ம தபஸ்-தாவைக் கூப்பிடறேன்."

'தா' என்றால் வங்காளத்தில் அண்ணன். தபஸ் தெருமுனையில் மெக்கானிக் ஷாப் வைத்திருப்பவர். புதுச் சட்டையுடன், இரு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு வந்தார்.

"ஆஜ் ஜொந்த்ரே ஹாத் தேவா பாரோண்" என்றார். இன்று கருவிகளைத் தொடக்கூடாதாம். ஆனால் பார்க்கலாமாம், சொல்லலாமாம். காரை ஒருமுறை சுற்றி வந்து, பின்புறம் நின்று, "பிரேக்கே பா தியேச்சேன்?" என்று குரல் கொடுத்தார். பிரேக்கில் கால் வைத்தீர்களா என்று பொருள்.

என் கால் அப்போது பிரேக்குக்குச் சரியாக ஓர் அங்குலம் மேலே இருந்தது. இவ்வளவு அக்கறையுடன் வந்தவரிடம் இல்லை என்று சொல்ல மனம் வரவில்லை. தலையசைத்தேன்.

தபஸின் முகம் இருண்டது. அவர் வங்காளத்தில் சொன்னதை ஹர்ஷினி தமிழாக்கினார்: "பின்னாடி சிவப்பு லைட்டே எரியலையாம். பிரேக் அழுத்தினது வண்டிக்குத் தெரிஞ்சாத்தான் லாக் விடுமாம். பிரேக் சுவிட்ச் போயிருக்கும், இல்லைன்னா ஃபியூஸ். நாளைக்குத்தான் கை வைப்பாராம்."

மணி பத்து ஐம்பது. சிபி என்னருகே வந்து குனிந்தார்.

"போச்சுங்ணா! வித்தவன் உங்களுக்கு நல்லா நாமம் போட்டுட்டானுங்க!"

செய்யாத குற்றத்தை ஒருவர் மீது சுமத்துவது தகாது. "அவரைச் சொல்லாதீங்கோ சிபி. நாமம் போட்டது அண்ணாச்சி" என்றேன்.

"அண்ணாச்சிங்களா? அவருக்கும் இந்த வண்டில கமிஷனா?"

"ஐயோ, கமிஷன் இல்லை. நிஜமான நாமம். பிரேக் பெடல்ல."

ஹர்ஷினி கதவைத் திறந்து உள்ளே எட்டிப் பார்த்தார். நாமத்தைப் பார்த்தார். அந்தரத்தில் நின்ற என் காலையும் பார்த்தார்.

"இவ்வளவு நேரமும் உங்க கால் எங்க இருந்தது?"

"மேலே."

"எதுக்கு மேலே?"

"நாமத்துக்கு மேலே. ஓர் அங்குலம். கோச்சுக்காதீங்கோ."

தபஸ், "கீ ஹோலோ?" என்ன ஆயிற்று என்று கேட்டுக்கொண்டிருந்தார்.

"மிதிங்கண்ணா!" என்று சிபி கத்தினார்.

"அது எப்படி சிபி..."

"நான் ஆறு மாசம் பிரிஞ்சு இருக்கணும், அதுக்குப் பெருமாள் சந்தோஷப்படுவாருங்களா?"

ஹர்ஷினி விவாதத்தில் இறங்கவில்லை. தண்ணீர் பாட்டிலைத் திறந்து, உலர்ந்திருந்த சந்தனத்தை நனைத்து விரலில் வழித்தெடுத்தார். எஞ்சியதைக் கைக்குட்டையால் பயபக்தியுடன் ஒற்றி எடுத்து மடித்து வைத்தார். விரலில் இருந்ததை எங்கே வைப்பது என்று ஒரு கணம் யோசித்து, சிபியின் நெற்றியில் நீளமாக இட்டுவிட்டார்.

"போட்டாச்சு. இனிமே தப்பிக்க முடியாது. ஏறு!"

நான் பெடலைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, ஒருவழியாகக் காலை வைத்து அழுத்தினேன்.

"ஜோலேச்சே! ஜோலேச்சே!" என்று பின்னாலிருந்து தபஸ் துள்ளினார். விளக்கு எரிந்துவிட்டதாம். லீவர் எந்த மறுப்பும் தெரிவிக்காமல் 'டி'-க்கு வந்தது.

பட்டங்கள் பறந்த வானத்தின் கீழ், பாதித் தெருக்கள் பந்தலாகியிருந்த நகரத்தைக் கடந்து, பதினொன்று ஐம்பதுக்கு அலிப்பூரை அடைந்தோம். என்னைத் தவிர மற்ற இரு சாட்சிகளும் வாசலில் கைபிசைந்து நின்றார்கள். முதிய பதிவாளர் கையில் குடையுடன் எழுந்தே நின்றார். சிபியின் நெற்றியை ஆவலுடன் நோக்கி, இது உங்கள் பக்கத்துத் திருமண வழக்கமா என்று வங்காளத்தில் என்னிடம் கேட்டார். பெரியவரை மறுத்துப் பேசி எனக்குப் பழக்கமில்லை. ஆம் என்றேன்.

அவர் பேனாவை மேசைமேல் வைத்துவிட்டார். மணமகளுக்கு எங்கே? சடங்கு பாதியில் நிற்கும்போது கையெழுத்து இடுவது அவருக்கு உவப்பாயில்லையாம்.

"உங்களை யாரு ஆமான்னு சொல்லச் சொன்னது?" என்று ஹர்ஷினி பல்லைக் கடித்தார். கைக்குட்டையை வண்டியிலேயே வைத்துவிட்டு வந்திருந்தார்.

நான் இரண்டு மாடி இறங்கி ஓடினேன். கைக்குட்டையில் ஈரக்கறை மட்டுமே இருந்ததால், கியர் லீவரின் தலையில் இருந்த சந்தனத்தை நகத்தால் சுரண்டி எடுத்து, மூச்சிரைக்க மேலே வந்தேன். சிபி அதை ஹர்ஷினியின் நெற்றியில் வைத்தார். பதிவாளர் மனநிறைவுடன் தலையசைத்துக் கையெழுத்திட்டபோது, பன்னிரண்டுக்கு இரண்டு நிமிடம் இருந்தது.

தம்பதியரைப் பின்னிருக்கையில் அமர்த்தி, சாவியைத் திருப்பி, லீவரை இழுத்தேன். வரவில்லை.

சிபி இம்முறை வண்டியைக் குலுக்கவில்லை. கைபேசியையும் எடுக்கவில்லை.

"கால் எங்கீங்ணா?" என்று மட்டும் கேட்டார்.

நான் வெட்கத்துடன் அதை ஓர் அங்குலம் கீழே இறக்கினேன்.