எவர்சில்வர் தகடுகள்

எங்கள் பீங்கான் பட்டறையில் இரும்புக்கு இடமில்லை. வெள்ளைக் களிமண்ணில் ஊசிமுனைத் துரு கலந்தாலும் சூளையில் வெந்த பொம்மையின் முகத்தில் கரும்புள்ளி விழும். அதனால் களிமண் கூழைக் காந்தத்தின் மேல் ஓடவிடுவோம். விருத்தாசலத்தில் எங்கள் சரக்கில் புள்ளி பார்த்தவர் கிடையாது.

அங்கேதான் மருமகள் துர்கா இரும்புத் தகடுகளைக் கொண்டுவந்தாள். பொம்மை பளபளக்கப் பூசும் கிளேஸ் கலவையில் ஈயம் உண்டு. கிளேஸ் கழுவிய தண்ணீரைத் தொட்டியில் தேக்கி, அதில் தகடுகளைத் தொங்கவிட்டு மின்சாரம் பாய்ச்சினால் இரும்பு கரையும். அந்தத் துரு ஈயத்தைப் பிடித்துக்கொண்டு அடியில் படியும் என்றாள். வேதியியல் படித்தவள். சம்மதித்தேன். நாங்கள் வாய்க்காலில் விடும் அந்தத் தண்ணீரைக் குடித்துத் தன் மாடு மெலிகிறது என்று பக்கத்து நிலத்துப் பழமலைநாதன் கடைத்தெருவில் கத்தியிருந்தார். இனிமேல் சுத்தமான தண்ணீர்தான் வரும் என்று அங்கேயே வாக்குக் கொடுத்திருந்தேன்.

ஆனால் தொட்டியில் பழுப்பு நுரை பொங்கியது. தகடுகள் அரித்துப்போயின. எங்கள் பட்டறைக்கு இப்படியொரு கோலமா? துர்கா நல்லூருக்குத் தாய்வீடு போயிருந்தபோது எவர்சில்வர் தகடுகளை மாட்டச் சொன்னேன். தண்ணீர் பளிச்சென்று வந்தது. வாய்க்கால் மடையை நானே திறந்தேன்.

திரும்பி வந்தவள் தண்ணீரைச் சோதித்துவிட்டு ஓடி வந்தாள்.

"மாமா, ஈயம் அப்படியே இருக்குது. எவர்சில்வரு லேசுல கரையாது. கரைஞ்சாலும் குரோமியம்தான் வரும், அதுவும் விஷம். தொறந்து விட்டீங்களா?"

"தண்ணி தெளிவாத்தானே இருந்துச்சு!"

"ஈயம் கண்ணுக்குத் தெரியுமா மாமா?"

மகன் ஜெயபிரகாஷ் குரலைத் தாழ்த்தினான். "தகட்ட மாத்திடலாம்ப்பா. வெளிய சொல்லாதீங்க. நம்ம பேரு என்னாவறது?"

மடையை அடைத்துவிட்டுப் பழமலைநாதன் வீட்டுக்கு நடந்தேன். அவர் மாட்டுக்குத் தொட்டியில் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார்.

"என்னா மொதலாளி, வழி தவறி வந்துட்டீங்களா? தண்ணி இப்ப கண்ணாடியாட்டம் வருது. ஒங்க மருமவ கெட்டிக்காரிதான்!"

"ஊத்தாதீங்க. அதுல ஈயம் இருக்குது. மருமவ மேல தப்பில்ல. அது வெச்ச தகட்ட நான்தான் மாத்தினேன்."

குடம் அவர் கையிலேயே நின்றது.

"நாலு நாளா இதத்தான் குடிச்சுது. நேத்துலேருந்து தீனி எடுக்கல."

மாட்டை அவிழ்த்தார். மாட்டாஸ்பத்திரிக்குக் கடைத்தெரு வழியாகத்தான் போக வேண்டும். கயிற்றை என் பக்கம் நீட்டினார்.

"புடிங்க. பாக்கறவங்க கேப்பாங்க. நீங்களே சொல்லுங்க."

வாங்கிக்கொண்டேன்.